பார்பரோ: முறிந்த காலும் முறியாத காலும்

குதிரைக்குக் கால் முறிந்தால் எல்லார் கண்ணும் முறிந்த காலின் மேலேயே இருக்கும். பார்பரோ என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரைக்கு அந்தக் கால் பெரும்பாலும் கூடிவிட்டது. எட்டு மாதச் சிகிச்சைக்குப் பிறகும் அதைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு வழி திறந்துவிட்டது முறியாத இடது பின்னங்கால்தான். பந்தய ரசிகர்கள் இதை ஒரு சோகமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். குதிரை வளர்ப்பவர்களும் லாயத்தில் வேலை பார்ப்பவர்களும் இதை வேறு கண்ணோடு படிக்கலாம். ஒரு கால் கெட்டால் நான்கு காலுக்கும் அன்றைக்கே நோயாளிச் சீட்டு எழுத வேண்டும் என்பதை இவ்வளவு விரிவாகக் காட்டும் நிகழ்வுகள் அதிகம் இல்லை.

நடந்தது

பார்பரோ 2003 ஏப்ரல் 29 அன்று பிறந்த ஆண் தரோப்ரெட், அதாவது பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனம். உரிமையாளர்கள் ராய், கிரெட்சன் ஜாக்சன் தம்பதியர். பயிற்சியாளர் மைக்கேல் மாட்ஸ், ஜாக்கி (பந்தயத்தில் ஓட்டுபவர்) எட்கர் பிராடோ. 2006 மே 6 அன்று கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயத்தை ஆறரை குதிரை நீள இடைவெளியில் வென்றது. அதுவரை ஓடிய ஆறு பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று, பால்டிமோரின் பிம்லிகோ திடலில் அடுத்த பெரிய பந்தயமான பிரீக்னஸ் ஸ்டேக்ஸ். கதவுகள் திறக்கும் முன்பே பார்பரோ முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. பிடித்து, கால்நடை மருத்துவர் பார்த்து, கோளாறு எதுவும் தெரியவில்லை என்றதும் மறுபடி உள்ளே நிறுத்தினார்கள். முறிவுக்கு அதுதான் காரணம் என்று அப்போது பலர் பேசினார்கள். அப்படி எதுவும் நிறுவப்படவில்லை.

பந்தயம் தொடங்கிச் சில நூறு மீட்டர் போவதற்குள், பார்வையாளர் அரங்குக்கு நேர் எதிரில், பிராடோ கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். கீழே குதித்துக் குதிரையைப் பிடித்துக்கொண்டார். வலது பின்னங்கால் கீழ்ப்பகுதி தொங்கியதை அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பின்னங்காலின் கீழ்ப்பாதியில் மேலிருந்து கீழாக கேனன் எலும்பு, அதன் அடியில் ஃபெட்லாக் மூட்டு, அந்த மூட்டின் பின்புறம் இரண்டு சிறிய செசமாய்டு எலும்புகள், பிறகு நீள பேஸ்டர்ன், குட்டை பேஸ்டர்ன், கடைசியாகக் குளம்புக்குள் குளம்பெலும்பு. பார்பரோவுக்கு கேனன் எலும்பின் அடிமுனை பிளந்திருந்தது, செசமாய்டு உடைந்திருந்தது, நீள பேஸ்டர்ன் 20க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது, ஃபெட்லாக் மூட்டு விலகியிருந்தது. இவற்றில் ஒன்று மட்டும் வந்தாலே பந்தய வாழ்க்கை முடிந்துவிடும். நான்கும் ஒரே காலில் சேர்ந்து வந்தது அரிது. தோல் கிழியாமல் இருந்ததுதான் ஒரே நல்ல செய்தி. குதிரை இன்னும் நாலு தப்படி ஓடியிருந்தால் எலும்பு முனைகள் தோலைக் குத்தி வெளியே வந்திருக்கும், குளம்புக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுந்திருக்கும். ஜாக்கி நிறுத்திய வேகத்துக்கு மருத்துவர்கள் பிற்பாடு பெருமதிப்புக் கொடுத்ததற்குக் காரணம் அதுதான்.

முதல் அரைமணி

முறிவு என்று சந்தேகம் வந்தால் குதிரையை ஒரு அடிகூட நடத்தக் கூடாது. வண்டி குதிரையிடம் வர வேண்டும். அதிகமாக மயக்க மருந்து கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தள்ளாடும் குதிரை மூன்று காலில் நிற்காது. அமைதிப்படுத்தத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஃபெட்லாக்குக்குக் கீழே முறிந்திருந்தால் கட்டு மெல்லியதாக, இறுக்கமாக இருக்க வேண்டும். பஞ்சை அடுக்கடுக்காகத் திணித்துப் பெரிய கட்டாகப் போட்டால் உள்ளே கால் ஆடும், கட்டின் மேல் வைக்கும் பட்டை வீணாகும். ஓர் அங்குலத்துக்கு மேல் மெத்து வேண்டாம். அதன் மேல் பலகையோ, நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயோ வைத்து, நீளாத டேப்பால் சுற்ற வேண்டும். முன்னங்கால் என்றால் குளம்பை நுனி ஊன்ற வைத்து, முன்பக்க எலும்புகள் ஒரே கோட்டில் வரும்படி காலின் முன்புறம் பட்டை. பின்னங்கால் என்றால் காலின் பின்புறம், தரையிலிருந்து ஹாக் மூட்டின் (பின்னங்காலின் நடுவில் பின்னோக்கித் துருத்தும் மூட்டு) முனை வரை. பின்னங்காலில் மேல் மூட்டு மடங்கினால் கீழ் மூட்டும் சேர்ந்து மடங்கும்படி தசைநார்கள் பிணைந்திருப்பதால், முன்புறம் பட்டை வைத்தால் சரியாக உட்காராது.

வண்டியில் ஏற்றும் திசையும் முக்கியம். முன்னங்கால் முறிவென்றால் குதிரையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். பின்னங்கால் என்றால் முன்பக்கம். பிரேக் போடும்போது எடை சாய்வது நல்ல கால்களின் மேல் விழட்டும் என்பதற்காக. தலையைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் கழுத்தை ஆட்டிச் சமநிலை பிடித்துக்கொள்ளும்.

பார்பரோவைத் திடலிலிருந்து லாயத்துக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று மாலையே கென்னட் ஸ்கொயரில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையான நியூ போல்டன் மையத்துக்கு, காவல் துறை வாகனம் முன்னே செல்லக் கொண்டுசென்றார்கள். அறுவைச் சிகிச்சை மறுநாள்தான். பந்தயத்தில் ஓடி வியர்த்து, வலியில் துடித்து, வண்டியில் குலுங்கி வந்த குதிரைக்கு உடனே மயக்கம் கொடுப்பது ஆபத்து. கால் அசையாமல் கட்டப்பட்டிருந்தால் ஓர் இரவு காத்திருக்கலாம். நீரேற்றி, வலியைக் குறைத்து, குதிரை நிதானப்பட்ட பிறகு மேசைக்கு ஏற்றுவதே சரி.

எல்லா நொண்டலும் இப்படி ஊரறிய வராது

பார்பரோவின் கால் கண்ணுக்கு நேரே தொங்கியது. லாயத்தில் அன்றாடம் வருவது அப்படி அல்ல. முன்னங்கால் வலித்தால், குதிரையைக் கெட்டியான தரையில் நேர்க்கோட்டில் டிராட் (நடையைவிட வேகமான மிதமான ஓட்டம்) ஓட விட்டுத் தலையைப் பார்க்க வேண்டும். வலிக்கும் கால் தரை தொடும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே வரும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கு மருந்து போடுவது உண்டு. பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பெலும்பின் இரண்டு மேடுகளைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. இரண்டு மேட்டிலும் வெள்ளை டேப் ஒட்டினால் பழகாத கண்ணுக்கும் தெரியும்.

அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கத்தின் அளவுகோல் 0 முதல் 5 வரை. டிராட்டில் எப்போதும் தெரியும் நொண்டல் 3. நடையிலேயே தெரிந்தால் 4. கால் ஊன்றவே மறுத்தால் 5. தொலைபேசியில் மருத்துவரிடம் “கொஞ்சம் விந்துது” என்று சொல்வதைவிட எண்ணைச் சொன்னால், உடனே வர வேண்டுமா, நாளை வரலாமா என்று அவர் முடிவு செய்வார். குளம்பில் சீழ் கட்டினாலும் 5 வரும், அதைக் கீறி வடித்தால் ஓரிரு நாளில் குதிரை நடந்துவிடும். 5 என்றதும் முறிவு என்று பயந்துவிட வேண்டாம். ஆனால் முறிவு இல்லை என்று உறுதியாகும் வரை முறிவாகவே நடத்த வேண்டும்.

பிளேட்டும் குளமும்

மே 21 அன்று அறுவை மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவை நடந்தது. நொறுங்கிய துண்டுகளைச் சேர்த்து, கேனன் எலும்பிலிருந்து பேஸ்டர்ன் வரை ஒரே பிளேட்டை வைத்து, 27 திருகுகளால் பூட்டினார்கள். திருகின் தலை பிளேட்டோடு மரையில் பூட்டிக்கொள்ளும் வகை அது. எலும்பு நொறுங்கி, திருகுக்குப் பிடிமானம் குறைவாக இருக்கும் இடத்தில் பழைய வகை பிளேட் தளர்ந்துவிடும். ஃபெட்லாக் மூட்டை மடங்க விடாமல் நிரந்தரமாகக் கூட வைப்பதே நோக்கம். பந்தயம் ஓட அல்ல, மேய்ச்சலில் நடமாட.

மயக்கம் தெளியும் நேரம்தான் குதிரை அறுவையில் எல்லாரும் பயப்படும் நேரம். 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கில் ரஃபியன் என்ற பெண் குதிரைக்கு முன்னங்கால் செசமாய்டு எலும்புகள் உடைந்தன. அறுவை முடிந்தது, ஆனால் மயக்கம் தெளிந்து எழும்போது உதைத்துத் துள்ளி, போட்ட கட்டை நொறுக்கிக்கொண்டது. கருணைக்கொலை தவிர வேறு வழி இருக்கவில்லை. நியூ போல்டனில் இதற்கென்றே குளம் கட்டியிருந்தார்கள். நான்கு கால்களுக்கும் உறை வைத்த ரப்பர் மிதவையில் மயக்கத்திலிருக்கும் குதிரையை இறக்கி, வெதுவெதுப்பான நீரில் மிதக்க விடுவார்கள். எழும்போது உதைத்தாலும் நீரைத்தான் உதைக்கும். தெளிந்ததும் பாரந்தூக்கியில் தூக்கிக்கொண்டுபோய் நிற்க வைப்பார்கள். பார்பரோ அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

இடது கால்

500 கிலோ குதிரை சாதாரணமாக நிற்கும்போது 60 விழுக்காடு எடை முன்னே, 40 விழுக்காடு பின்னே. அப்படியென்றால் ஒவ்வொரு பின்னங்காலுக்கும் சுமார் 100 கிலோ. ஒரு பின்னங்கால் வேலை செய்யாவிட்டால் மற்றது ஏறத்தாழ 200 கிலோ சுமக்கிறது. எடை மட்டும் என்றால் குளம்பு தாங்கிவிடும். நல்ல குதிரை நின்றபடி பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஓய்வெடுக்கும், ஒரு குளம்பை நுனியில் ஊன்றி இடுப்பைச் சாய்த்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். வலது கால் முறிந்த குதிரைக்கு இடது காலை ஓய்வெடுக்க விட வழியே இல்லை.

குளம்பெலும்பும் குளம்புச் சுவரும் நகமும் சதையும்தான். இரண்டுக்கும் நடுவே நுண்ணிய மடிப்புகள் கோத்துப் பிடித்திருக்கின்றன, லேமினா என்பது அதுதான். குதிரையின் எடை முழுக்க அந்த மடிப்புகளில்தான் தொங்குகிறது. கால் ஊன்றி எடுக்கும்போதெல்லாம் அங்கே ரத்தம் பாய்ந்து வடிகிறது. ஊன்றியே இருந்தால் ரத்தம் வருவது குறைந்து மடிப்புகள் பட்டினி கிடக்கும், வலுவிழந்து பிரியும். எலும்பு குளம்புக்குள் சுழலும், அல்லது அப்படியே கீழே இறங்கும். இதுவே தாங்குகால் லாமினைடிஸ். சில வாரம் எதுவும் தெரியாமல் போய்விட்டுத் திடீரென்று வெளியே வரும்.

பார்பரோவின் இடது பின்னங்காலுக்கு இதை எதிர்பார்த்தே தனி லாடம் போட்டிருந்தார்கள். மாவுக்கட்டால் வலது கால் நீளமாகிவிடும். இடது கால் குட்டையாக இருந்தால் எடை இன்னும் அதன்மேல் சாயும் என்பதால் இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும் லாடம் வேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் வலது காலில் தொற்று. ஜூலை 8 அன்று மறுபடி மயக்கம் கொடுத்துப் பழைய பிளேட்டை எடுத்துப் புதிது வைத்தார்கள். வலது கால் வலித்தால் எடை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 12 அன்று, விபத்து நடந்து 53வது நாளில், இடது குளம்புச் சுவரின் 80 விழுக்காட்டை வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

முறியாத காலில் தினமும் பார்க்க வேண்டியவை

முதல் நாளே முறியாத காலுக்கும் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்து வைக்க வேண்டும். குளம்புச் சுவரின் முன்புறத்தில் ஒரு கம்பியை ஒட்டிவிட்டு எடுத்தால் சுவர் எங்கே, எலும்பு எங்கே என்று அளக்கலாம். தரோப்ரெட்டில் அந்த இடைவெளி 15 முதல் 18 மில்லிமீட்டருக்குள் இருக்கும். குளம்பின் அடிப்பாதத் தடிமன் 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வாரம் ஒருமுறை அதே கோணத்தில் எடுத்து ஒப்பிட வேண்டும். முதல் நாள் படம் இல்லாவிட்டால், மூன்றாவது வாரம் எடுக்கும் படத்தைப் பார்த்து மாறியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்ரேக்கு முன்பே விரல் சொல்லும். ஃபெட்லாக்குக்குப் பின்புறம், செசமாய்டு மேட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு விரலை லேசாக வைத்தால் நாடி அகப்படும். அழுத்தினால் மறைந்துவிடும். நல்ல குளம்பில் அது இருக்கிறதா என்றே தேட வேண்டியிருக்கும். விரலில் தட்டும்படி துடித்தால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது. சூடு அவ்வளவு நம்பகமல்ல, ஒரே நாளில் குளம்பு குளிர்ந்தும் சூடாகவும் இருக்கும். பல மணி நேரம் விடாமல் சூடாக இருந்தால்தான் கணக்கு. மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பில் மேலிருந்து கீழாக விரலை ஓட்ட வேண்டும். விரல் ஒரு பள்ளத்தில் விழுந்தால் எலும்பு இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நேற்று வரை தூக்கிப்பிடித்த முறிந்த காலைக் குதிரை இன்று நன்றாக ஊன்றுகிறது. லாயத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. எலும்பு கூடிவருவதால் இருக்கலாம். ஆனால் அது திடீரென்று, ஒரே நாளில், எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லாமல் வந்தால் அர்த்தம் வேறு: நல்ல கால் அதைவிட அதிகமாக வலிக்கிறது. முறிந்த காலை ஊன்றுவது மேல் என்று குதிரை முடிவு செய்துவிட்டது. அன்று மாலைக்குள் முறியாத குளம்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நாடி, சூடு, விளிம்பு, குதிரை காலுக்குக் கால் எடை மாற்றும் எண்ணிக்கை, இதயத் துடிப்பு, உடல் வெப்பம் எல்லாம் ஒரே தாளில் காலையும் மாலையும் எழுதப்பட வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இயல்பு. கட்டு, தீவனம், உடல் வெப்பம் எதுவும் மாறாதபோது துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் வலிதான்.

வலி மருந்து இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. குதிரைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஃபீனைல்பியூட்டசோனைக் குறைத்தால் முறிந்த கால் ஊன்றாது, எடை முழுக்க மற்றதன் மேல். கூட்டினால் முறியாத காலின் வலியும் மறைந்துபோகும், போதாததற்கு வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு. என் தீர்ப்பு: முறிந்த கால் ஊன்றும் அளவுக்கு வலியைக் கட்டுப்படுத்துவதே முக்கியம். அதற்கு வலிமையான மருந்து தேவையென்றால் தயங்கக் கூடாது. மறையும் அறிகுறிக்கு ஈடாக எக்ஸ்ரேயை அடிக்கடி எடுத்துக்கொள்ளலாம். பார்பரோவுக்கு முதுகுத்தண்டு அருகே குழாய் வைத்து மருந்து செலுத்தினார்கள்.

குளம்பின் அடியை முழுதும் தாங்கும்படி சிலிக்கான் மெத்து அடைத்து, எடையைச் சுவரிலிருந்து அடிப்பாதத்துக்கும் நடு முக்கோண மெத்துக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். உடனே எதுவும் கிடைக்காவிட்டால் 5 செ.மீ. தடிமனான கெட்டி தெர்மாகோலைக் குளம்பு அளவுக்கு வெட்டி டேப்பால் ஒட்டினால் அடுத்த நாள் வரை தாங்கும். லாயத்தில் மணலோ மரத்தூளோ தாராளமாகப் போட்டு, குதிரை படுக்கப் பயப்படாதபடி வைக்க வேண்டும். ஒருமணி நேரம் படுத்தால் அந்த ஒருமணி நேரம் முறியாத காலின் குளம்புக்கு விடுமுறை.

குளம்பைப் பனிநீரில் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. தீவனக் கோளாறாலோ, குடல் தொற்றாலோ வரும் லாமினைடிஸுக்கு இது நன்றாக வேலை செய்கிறது: குளம்பும் கேனன் எலும்பும் மூழ்கும்படி பனிநீர், விடாமல் 48 முதல் 72 மணி நேரம். விட்டுவிட்டு வைத்தால் பயன் இல்லை. தாங்குகால் வகைக்கு மூலகாரணம் எடை என்பதால் பனி மட்டும் போதாது. பனிப்பை கட்டிவிட்டேன் என்று யாரும் நிம்மதியாக இருக்கக் கூடாது.

குளம்பு வளரும் கணக்கு

ஜூலைக்குப் பிறகு பார்பரோ தேறியது. தினமும் வெளியே கூட்டிச்சென்று புல் மேய விட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் வலது காலின் மாவுக்கட்டு வெளியே வந்தது. செய்தித்தாள்களில் சீக்கிரமே வீடு திரும்பலாம் என்ற பேச்சு. இடது குளம்பு அதற்கு உடன்படவில்லை.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். குதிகால் பக்கம் சுவர் குட்டை, நான்கைந்து மாதத்தில் தரை வரை வந்துவிடும். முன்பக்கம் முழுதும் வளர்ந்து வர ஏறக்குறைய ஒரு வருடம். பார்பரோவுக்குக் குதிகால் பக்கம் வளர்ந்தது, முன்பக்கம் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. ஏற்கனவே சுழன்ற எலும்பு வளரும் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது புதிய சுவர் எலும்போடு ஒட்டியபடி இறங்குவது கடினம். விபத்து நடந்த கால் கூடுவதற்கு ஆகும் நேரமும், குளம்பு திரும்ப வளர ஆகும் நேரமும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் நீளம்.

2007 ஜனவரியில் இடது குளம்பின் உள்பக்கச் சுவர் மறுபடி பிரிந்தது, செத்த திசுவை வெட்டினார்கள். எடை திரும்பவும் வலதுக்கு வந்தது. அங்கே சீழ் கட்டியது. ஜனவரி 27 அன்று வலது காலின் கேனன் எலும்பின் ஊடே எஃகு ஊசிகள் செலுத்தி, எடை குளம்புக்குப் போகாமல் வெளிச் சட்டத்தில் இறங்கும்படி செய்தார்கள். அதற்குப் பிறகு முன்னங்கால்கள் இரண்டிலும் லாமினைடிஸ் தெரிந்தது. நான்கு காலில் ஒன்றுகூட நம்பி ஊன்றத் தகுந்ததாக இல்லை. ஜனவரி 29 காலை உரிமையாளர்களும் ரிச்சர்ட்சனும் பேசிக் கருணைக்கொலைக்கு முடிவெடுத்தார்கள். வலியை மருந்தால் அடக்க முடிகிறதா, குதிரை படுத்து எழுகிறதா, தானாகத் தின்கிறதா என்ற மூன்றுக்கும் ஆம் என்று பதில் வரும் வரை சிகிச்சை தொடரலாம். மூன்றில் இரண்டு போனால் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது செய்வது

நியூ போல்டனில் ஆய்வாளர் ஆண்ட்ரூ வான் எப்ஸ் குழுவினர் முறியாத காலின் குளம்பு ஏன் கெடுகிறது என்ற கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். எடையை விட்டுவிட்டு ஏற்றி இறக்குவதுதான் லேமினாவுக்கு ரத்தம் போக வைக்கிறது என்று அவர்களின் வேலை காட்டியது. லாயத்தில் இதன் பொருள் எளிமை: நின்றபடி இருக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் தாங்குகாலை எத்தனை முறை லேசாகவாவது தூக்கி வைக்கிறது என்று எண்ண வேண்டும். நிற்கும் இடத்திலேயே ஒரு கேமரா வைத்தால் இரவு எண்ணிக்கையும் கிடைக்கும். முதல் நாள் எண்ணிக்கையை ஒப்பிட்டு அது குறைந்துகொண்டே போனால், நாடி துடிக்கும்வரை காத்திருக்காமல் வலி மருந்தை மாற்ற வேண்டும், அல்லது ஸ்லிங்கில் (உடலைத் தாங்கித் தூக்கும் பட்டையில்) மாட்டி எடையைச் சில மணி நேரம் தூக்க வேண்டும், அல்லது மருத்துவர் அனுமதித்தால் பத்துப் பன்னிரண்டு அடி மெதுவாக நடத்த வேண்டும். முறிந்த காலின் கட்டை மாற்றும் நாளை முடிவு செய்யும்போதும் இந்த எண்ணிக்கைத் தாள் மேசையில் இருக்க வேண்டும். கட்டு தளர்ந்து வலித்தால் அன்று மாலையே மற்ற காலின் எண்ணிக்கை விழும்.